கழுவாத கல்வம்

எனக்கு அறுபத்தெட்டு நடக்கிறது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான் பெற்றது மூன்று. நாத்தனார் போய்ச் சேர்ந்த பிறகு என்னிடம் வந்தது இரண்டு. ஐந்து பேருக்கும் கால் கழுவி விட்டது இந்தக் கைதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கை சுத்தமில்லை என்று சொன்ன ஒருவரைப் பற்றித்தான் இனிமேல் பேச்சு. அவருக்கு ஒரே பிள்ளை. அதற்கும் அவர் கால் கழுவி விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு எழுத்து கம்மி. பஸ் போர்டு படிப்பேன். என் பேரை எழுதுவேன். அதற்கு மேல் வேண்டியிருந்ததில்லை. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நான் வூடு என்றால் அவள் வீடு என்று எழுதுகிறாள். எழுதிக்கொள்ளட்டும். விஷயத்தில் கை வைத்தால் மட்டும் விடமாட்டேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரி. எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அவர்களுக்குப் பெருமையாகிவிடும். அங்கே வேதியியல் துறையில் இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். கூட்டுவது, துடைப்பது என் வேலை இல்லை. அதற்கு வேறு ஆள் உண்டு. எனக்கென்று தொட்டி வைத்த ஓர் அறை, அதற்கு ஒரு சாவி. குடுவை, பீக்கர், நீளக் குழாய், குட்டைக் குழாய், பீங்கான் கிண்ணம், கல்வம் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் உள்ளே போகும்.

கண்ணாடி சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கக் கண்ணை நம்பக் கூடாது. கடைசித் தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஒரே தகடாக வழிந்து இறங்கினால் சுத்தம். அங்கங்கே முத்து முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, மறுபடி கழுவு. குழாய்த் தண்ணீரில் மூன்று தரம், சோப்பில் ஒரு தரம், திரும்பக் குழாயில், கடைசியாக வடித்த தண்ணீரில் இரண்டு தரம். வடித்த தண்ணீரை ஜாஸ்தி செலவழிக்கிறீர்கள் என்று ஒரு தரம் ஆபீசிலிருந்து கேட்டார்கள். நீங்கள் குடிக்கிற டீயில் மிச்சம் பிடியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

முதுகலை படிக்கிற பிள்ளைகள் கழுவுவதைப் பார்க்க வேண்டும். குடுவையைக் குழாயடியில் காட்டுவார்கள், சாமிக்குத் தீபாராதனை காட்டுகிற மாதிரி ஒரு சுற்று. அவ்வளவுதான், கழுவியாச்சு. அவர்கள் போன பிறகு நான் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக் கழுவுவேன். யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்பட்டதும் இல்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். இனிமேல் அவரை சார் என்றே சொல்கிறேன். மரியாதைக்காக இல்லை, பேர் சொல்லக் கூடாது என்பதற்காக. வந்த முதல் நாளே என் தொட்டியை எட்டிப் பார்த்து, மூக்கைச் சுருக்கிக்கொண்டு போனார்.

அவர் பொடி செய்கிறவர். துத்தநாகத்து உப்பைத் தண்ணீரில் கரைத்து, அதில் காரத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பாத்திரத்துக்கு அடியில் ஒரு காந்தம் சுற்றிக் கலக்கிக்கொண்டே இருக்கும். பால் திரிகிற மாதிரி வெள்ளையாக ஒன்று திரண்டு வரும். அதை வடிகட்டி, கழுவுகிற தண்ணீரில் காரம் அற்றுப் போகிற வரைக்கும் கழுவி, உலர்த்தி, கல்வத்தில் அரைத்து, பீங்கான் கிண்ணத்தில் போட்டு உலையில் வைக்க வேண்டும். கல்வம் என்றால் உள்ளங்கை அளவுக் குழிக்கல், நகம் மாதிரி வழுவழுப்பு. உலை என்றால் விறகு உலை இல்லை. கரண்டில் காய்கிற இரும்புப் பெட்டி. உலையிலிருந்து எடுத்தவுடனே பொடி எலுமிச்சம்பழ மஞ்சளில் இருக்கும். ஆற ஆற வெள்ளையாகிவிடும். முதல் முறை பார்த்தபோது எனக்கு அதிசயமாக இருந்தது. சாரைப் பழகிய பிறகு அதிசயம் போய்விட்டது. அவரும் சூட்டில் ஒரு நிறம், ஆறினால் ஒரு நிறம்.

அந்தப் பொடியில் ஒரு மணி, தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையாம். அதைப் படம் பிடிக்க வேறு ஊருக்கு அனுப்புவார்கள். படம் வந்தால் கூட்டமாக நின்று பார்ப்பார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். முறத்தில் கேழ்வரகைக் கொட்டின மாதிரி இருந்தது. அதற்கு எத்தனை பேர் 'சூப்பர் சார்' சொன்னார்கள் என்கிறீர்கள்.

பொடிக்கு வினையூக்கி என்று பேர். தான் தீர்ந்து போகாமல், பக்கத்தில் இருக்கிற இரண்டைச் சேர்த்துவைப்பது அதன் வேலை. கல்யாணத் தரகர் மாதிரி ஆயா என்று ஒரு பையன் எனக்கு விளக்கினான். அவன் தரகரைப் பார்த்திருக்க மாட்டான். எந்தத் தரகர் இரண்டு பக்கமும் வாங்காமல் போயிருக்கிறார்?

இங்கே சேர வேண்டிய இரண்டில் ஒன்று புங்க எண்ணெய். இன்னொன்று மெத்தனால். அது சேர்ந்த சாராயத்தைக் குடித்துச் செத்தவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அந்தப் பேரைச் சொன்னால் ஊரில் பேச்சு நின்றுவிடும். துறையில் அது இரண்டு பூட்டுப் போட்ட அலமாரியில் இருந்தது. அதை வெளியே எடுக்கிற நாளில் நான் முந்தானையை மூக்கில் கட்டிக்கொள்வேன். சார் சிரிப்பார். அவர் வெளியூர்க்காரர், சிரிக்கலாம்.

எண்ணெயும் மெத்தனாலும் பொடியும் குடுவையில் போட்டுச் சூடு காட்டினால், சில மணி நேரத்தில் எண்ணெய் பிரிந்து டீசல் மாதிரி ஒன்றாக வேண்டும். அடியில் குழாய் வைத்த பேரிக்காய் மாதிரிக் கண்ணாடியில் அதை ஊற்றி நிறுத்தி வைப்பார்கள். வேலை நடந்திருந்தால் இரண்டு அடுக்காகப் பிரியும். கீழே பாகு மாதிரி கிளிசரின், மேலே தண்ணீர் மாதிரி இளகின எண்ணெய். நடக்காவிட்டால் போட்ட எண்ணெய் போட்டபடியே கலங்கி நிற்கும்.

அவர்கள் அதைக் கருவியில் கொடுத்து, காகிதம் எடுத்து, கோடு பார்த்து மறுநாள் கண்டுபிடிப்பார்கள். எனக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். நடக்காத குடுவை தொட்டிக்கு வந்தால் புங்க எண்ணெய் கையை விடாது. நாற்றமும் போகாது, பிசுக்கும் போகாது. சோற்றைக் கையில் எடுத்தால் சோறு நாறும். நடந்த குடுவை ஒரு தண்ணீரில் விட்டுப் போகும். ஒரு வருஷம் முழுக்க எனக்குச் சோறு நாறியது. சாரோ ஒவ்வொரு வாரமும் 'நல்ல ட்ரெண்ட் தெரியுது' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பொடி செய்தது உண்மையில் அவர் இல்லை. அவரிடம் ஆராய்ச்சி செய்த ஒரு பெண். முப்பது வயது தாண்டியவள், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஊர். அப்பா சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். சொட்டு விடுவது, அரைப்பது, உலைக்கு முன்னால் வேர்த்து நிற்பது எல்லாம் அவள். படத்தில் நிற்பது சார். அவள் மட்டும்தான் குடுவையைத் தொட்டியில் போடுவதற்கு முன்னால் ஒரு தரம் அலசிப் போடுவாள். அந்த மட்டில் அவளை எனக்குப் பிடிக்கும்.

இப்படி இருக்கையில் ஆயுத பூசை வந்தது.

கல்லூரியில் ஆயுத பூசை என்றால் படித்தவர்களுக்கு வருகிற பக்தியைப் பார்க்க வேண்டும். உலைக்கு மாலை. தராசுக்குப் பொட்டு. கம்ப்யூட்டருக்குச் சந்தனம். மெத்தனால் அலமாரியின் பூட்டுக்குக்கூடக் குங்குமம். சார் வேட்டி கட்டி வந்து, ரிஷிவந்தியத்துக் கோயிலிலிருந்து வீட்டுக்காரம்மா வாங்கி வந்த திருநீற்றைத் தட்டில் கொட்டி, எதைப் பார்த்தாலும் மூன்று பட்டை போட்டார். நான் கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருந்த இரண்டு கல்வத்தில் ஒன்று வாய் மேலே பார்த்து இருந்தது. அதன் குழிக்குள்ளேயே மூன்று விரலையும் விட்டு அழுத்திப் பூசினார். நெற்றிக்குப் போடுகிற அளவு இல்லை, யானைக்குப் போடுகிற அளவு.

பூசையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து ஒரு வேலையாவது தொடங்கிவைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொத்தனார் ஒரு கல்லாவது வைப்பார். டிராக்டர்காரர் ஒரு சுற்றாவது ஓட்டுவார். கரண்டியில் திருநீறு இருந்தால் சுவர் ஒன்றும் கெட்டுப் போகாது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்து கல்வத்தில் வைத்தார் சார். லீவு நாள் என்று பார்க்காமல் மலைப்பெண்ணையும் என்னையும் வரவழைத்தார்.

அவள் உலர்ந்த கட்டியை எடுத்து வந்தாள். நான் கல்வத்துக்குக் கை நீட்டினேன்.

"கல்வத்தக் குடுங்க சார், கழுவித் தரேன்."

"இன்னிக்குக் கழுவக் கூடாது ஆயா. சாமி கும்பிட்டு வெச்சது. அப்படியே தொடங்கட்டும்."

"உள்ள திருநீறு இருக்குது சார்."

"இருக்கட்டுமே. சாமி உள்ள இருந்தா நல்லதுதானே" என்று சிரித்தார்.

அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டியை அதில் போட்டு அரைக்க ஆரம்பித்தாள். நான் சும்மா நின்றேன். என் கல்வம் கழுவாமல் உள்ளே போனது இருபத்திரண்டு வருஷத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான்.

அந்தப் பொடி ஆறின பிறகும் சுத்த வெள்ளையாகவில்லை. லேசாகச் சாம்பல் ஓடியிருந்தது. அந்த வாரம் எண்ணெயில் போட்டார்கள். சாயங்காலம் குடுவை என் தொட்டிக்கு வந்தது. ஒரு தண்ணீர், விட்டுப் போனது. கையை முகர்ந்து பார்த்தேன், புங்க நாற்றம் இல்லை. இன்றைக்கு நடந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனேன். அவர்களுக்கு மறுநாள் மத்தியானம்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு சாரை யாரும் பிடிக்க முடியவில்லை. பேப்பரில் படம் வந்தது. புங்க எண்ணெயில் வண்டி ஓடும் என்று போட்டிருந்தார்களாம். எந்த வண்டி என்று நான் கேட்டேன், யாரும் சொல்லவில்லை. துறைத் தலைவர் பொன்னாடை போர்த்தினார். கண்டுபிடிப்பை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் வந்தது: இதே மாதிரி இன்னும் மூன்று தரம் செய்து காட்டுங்கள்.

செய்தார்கள். வரவில்லை. திரும்பச் செய்தார்கள். வரவில்லை. எனக்குச் சோறு நாற ஆரம்பித்தது.

ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். துறைத் தலைவர் இருந்தார். ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருந்தார்கள். மூன்றாம் வருஷப் பிள்ளைகள் இருபது பேர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் நின்றார்கள். சார் என்னைப் பார்த்துப் பேசவில்லை, அவர்களைப் பார்த்துப் பேசினார். கான்டாமினேஷன் என்ற சொல்லை அன்றைக்கு ஏழு தரம் சொன்னார். அழுக்கு கலப்பது என்று அர்த்தமாம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆயா, வீட்டுல பாத்திரம் எதுல தேய்க்கிறீங்க?"

"ஏன் சார்?"

"சாம்பல்லதானே? அதே பழக்கத்துல இங்கயும் சாம்பலைப் போட்டுத் தேய்ச்சிருக்கீங்க. உங்க கையே சுத்தமில்ல. ஒரு பெண்ணோட ஆறு வருஷ உழைப்பு உங்களால வீணாப் போகுது."

எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு. பத்து வருஷமாகிறது. சாம்பலுக்கு நான் எங்கே போவேன்? கிராமத்துக் கிழவி என்றால் சாம்பலும் விறகும்தான் என்று இவருக்கு யார் சொன்னார்களோ. கழுவி வைத்திருந்த பீக்கர் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"தண்ணி ஊத்திப் பாருங்க சார். முத்து நிக்குதா, தகடா ஓடுதான்னு அது சொல்லும்."

அவர் ஊற்றவில்லை. பிள்ளைகளில் யாரோ சிரித்தார்கள். துறைத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மலைப்பெண் தரையைப் பார்த்தாள். சாவியைக் கொடுங்கள் என்றார் சார். கையில் வாங்கவில்லை, பெஞ்சைக் காட்டி, அங்கே வையுங்கள் என்றார். வைத்தேன். அன்றிலிருந்து எனக்கு நூலகத்துப் படிக்கட்டு கூட்டுகிற வேலை.

படிக்கட்டு ஒன்றும் கேவலமில்லை. உட்காரலாம், காற்று வரும். ஆனால் நான் கூட்டுகிறவள் இல்லை என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

கழுவுகிற வேலையைப் பிள்ளைகளே செய்தார்கள். முதல் வாரம் உடைந்தது ஒரு கூடை. பொடி மட்டும் அப்படியே இருந்தது, எண்ணெய் பிரியவில்லை. இப்போது யார் கை என்று யாரும் கேட்கவில்லை. பழைய அழுக்கு கண்ணாடிக்குள்ளேயே ஊறியிருக்கிறது என்று சார் சொன்னாராம். கண்ணாடிக்குள் ஊறுவதற்கு அது என்ன ஊறுகாய் ஜாடியா?

சாம்பல் என்ற அந்தச் சொல் மட்டும் என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது. மூன்று நாள் என்னைத் தின்றது. நான்காம் நாள் காலையில் குளித்துவிட்டு நெற்றிக்கு இட்டுக்கொள்ளத் திருநீற்றை எடுத்தேன். விரலில் அப்படியே நின்றுவிட்டது. சாணியைச் சுட்டால் திருநீறு. திருநீறு என்றால் சாம்பல். நடந்த ஒரே பொடியில் சாம்பல் இருந்தது. அதைப் போட்டவர் அவர். நடக்காத பொடியில் எல்லாம் சாம்பல் இல்லை. இல்லாமல் செய்தவள் நான். என் கை சுத்தமில்லாததால் கெடவில்லை; சுத்தமாக இருந்ததால்தான் ஓடவில்லை. கண்ணாடி முன்னால் நின்று நன்றாகச் சிரித்தேன்.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம் என்று என் பெரிய மகன் இன்றைக்கும் சொல்கிறான். ஏன் சொல்ல வேண்டும்? இருபது பேர் முன்னால் வைத்துச் சொன்னார். அந்த இருபது பேர் முன்னால் வைத்து இல்லை என்று சொல்லட்டும், பிறகு சொல்கிறேன். அந்த ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு மாதம் படிக்கட்டு கூட்டினேன். மலைப்பெண் என்னைத் தாண்டி நூலகத்துக்குப் போவாள், வருவாள். இளைத்துப் போயிருந்தாள். பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே உட்கார்ந்தாள்.

"அப்பா குடுத்து அனுப்பிச்சாரு ஆயா. புதுச் சாமை."

"வெச்சிட்டுப் போ. சாமை மேல எனக்குக் கோவம் இல்ல."

அவளுக்கு அந்த மாதத்தோடு கெடு முடிகிறதாம். நடந்த அந்த ஒரு பொடி ஏன் நடந்தது என்று சொல்ல முடியாவிட்டால் எழுதியதெல்லாம் குப்பையாம். ஆறு வருஷம் ஆயா, ஆறு வருஷம் என்றாள். என்னோடது பதினெட்டு என்றேன்.

பிறகு கேட்டாள்.

"ஒங்களுக்கு எதுனா தெரியுமா ஆயா?"

"தெரியும்."

"சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். அவரு எங்க நின்னு சொன்னாரோ அங்கயே நின்னு இல்லன்னு சொல்லட்டும். நீயும் அன்னிக்கி வாய மூடிக்கினு தரையப் பாத்துக்கினு நின்னவதான. தரையில இன்னா எழுதியிருந்துச்சி?"

அழுதாள். ஐந்து பேரை வளர்த்தவளுக்கு அழுகை புதுசில்லை. முறத்தை எடுத்துச் சாமையைக் கொட்டி, கல் பொறுக்க ஆரம்பித்தேன். அழுகை நின்றது. மூக்கை உறிஞ்சினாள். பிறகு வேறு குரலில் கேட்டாள்.

"சார் சாம்பல்னு சொன்னாரு. நீங்க அதுக்குக் கோவப்படவே இல்ல. தண்ணி ஊத்திப் பாருன்னு மட்டும் சொன்னீங்க." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அன்னிக்கி கல்வத்தக் கழுவித் தரேன்னு கேட்டீங்க. அவருதான் வேணாம்னாரு. உள்ள திருநீறு இருக்குதுன்னு சொன்னீங்க இல்ல?"

நான் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மலைச் சாமையில் கல் அதிகம், ஆளைப் பார்க்க நேரம் இருக்காது. அவள் எழுந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

மறுநாள் நூலகப் படிக்கட்டுக்கு வந்தாள். இரண்டு கையிலும் இரண்டு கல்வம், கக்கத்தில் வடித்த தண்ணீர்க் கேன்.

"கழுவிக் குடுங்க ஆயா."

"சாவி என்கிட்ட இல்ல."

"இங்கயே கழுவுங்க."

கழுவச் சொன்னால் கழுவுவேன். தோட்டத்துக் குழாயடியில் உட்கார்ந்து கழுவினேன். ஒரு வாத்தியார் நின்று பார்த்துவிட்டுப் போனார். கடைசித் தண்ணீர் இரண்டு கல்லிலும் தகடாக ஓடியது. அவளே குனிந்து பார்த்தாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை பிற்பகல் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். அதே அறை. அதே துறைத் தலைவர். மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்கு அது ஆய்வக நேரம். அதே இருபது பேர். அவள் நாள் பார்த்துத்தான் வைத்திருந்தாள். பெஞ்சின்மேல் பேரிக்காய்க் கண்ணாடி இரண்டு நின்றன. ஒன்றில் எண்ணெய் கலங்கி நின்றது. இன்னொன்றில் கோடு கிழித்த மாதிரி இரண்டு அடுக்கு. சார் குனிந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பேசினாள். இந்தத் தரம் தரையைப் பார்க்கவில்லை.

"இது ஆயா கழுவின கல்வத்துல அரைச்சது. ஒண்ணும் நடக்கல. சுத்தமா இருக்கறதால நடக்கல. அடுத்த கல்வத்தயும் ஆயாதான் கழுவுனாங்க. அதுல நான் கோயில் திருநீறு போட்டு அரைச்சேன். நடந்துடுச்சி. போன தடவ, ஆயுத பூசைக்கு, அத்தப் போட்டது சார். மறுநாளு ஆயா கழுவித் தரேன்னு கேட்டாங்க, சார் கழுவ வேணாம்னாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன். ஆயா கழுவுனதுல எந்தத் தப்பும் இல்ல. அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்."

சாரின் முகம் உலையிலிருந்து அப்போதுதான் எடுத்த பொடி மாதிரி மஞ்சளானது. ஆற ஆற வெள்ளையானது. ஆறி முடிந்ததும் ரொம்ப இன்ட்ரஸ்டிங் என்றார். தனக்கும் முதலிலிருந்தே அப்படி ஒரு சந்தேகம் இருந்தது என்றார். சாம்பலில் இருக்கிற காரம்தான் தூண்டிவிடுகிறது என்று போர்டில் எழுதி விளக்க ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் குறிப்பு எடுத்தார்கள். சந்தேகம் இருந்தவர் ஒரு மாதமாக எதற்கு என்னைப் படிக்கட்டு கூட்ட வைத்தார் என்று இருபது பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. படிப்பு என்றால் அதுதான் போலிருக்கிறது.

நான் கேட்டேன்.

"சார், அன்னிக்கி இங்க நின்னு ஒண்ணு சொன்னீங்க. அத்த எடுத்துக்குங்க."

"என்ன சொன்னேன் ஆயா?"

"என் கை சுத்தமில்லன்னு."

"அட, அதெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு. ஆராய்ச்சின்னா நாலும் நடக்கும், விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடவில்லை. படிக்கட்டுக்குத் திரும்பிப் போனேன்.

பிறகு நடந்ததெல்லாம் வேடிக்கை. சார் ஊர் ஊராகத் திருநீறு வாங்கினார். கடைப் பொட்டலத்தில் வாசனைதான் இருந்தது, வேலை இல்லை, சுண்ணாம்புக்கல் மாவாம். சாணி சுட்ட நிஜத் திருநீறுதான் ஓடியது. கடைசியில் மலைப்பெண்ணின் அப்பா தன் மாட்டுச் சாணியை வறட்டி தட்டி, சுட்டு, மூட்டை கட்டிக் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். மூன்று தரம் செய்து காட்டினார்கள், மூன்று தரமும் நடந்தது. பத்திரிகையில் வந்தது. கால்நடைக் கழிவுச் சாம்பல் என்று எழுதியிருக்கிறதாம். திருநீறு என்ற சொல்லே இல்லையாம். சாமிக்கே இடமில்லை, எனக்கு எங்கே இருக்கும்?

அந்தப் பெண் பட்டம் வாங்கினாள். அவள் புத்தகத்தின் முதல் பக்கங்களில் நன்றி சொல்லியிருக்கிறாள். சாருக்கு அரைப் பக்கம். நிர்வாகத்துக்கு நாலு வரி. கடைசியில், கண்ணாடிச் சாமான்களைக் குறையில்லாமல் கழுவித் தந்த ஆயாவுக்கு என்று ஒரு வரி. அதுவும் இங்கிலீஷில். பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்காக வாய் திறந்தவள் என்பதால் அந்த ஒரு வரியை ஏற்றுக்கொண்டேன். அரைப் பக்கத்தை மன்னிக்கவில்லை.

இதற்கெல்லாம் முன்னாலேயே, அந்த வியாழக்கிழமை முடிந்த கையோடு, சார் என் சாவியை ஆபீஸ் ஆள் மூலமாகக் கொடுத்து அனுப்பினார். திருப்பி அனுப்பினேன். வாங்கிக்கொண்டவரே வந்து கொடுக்கட்டும் என்றேன். பதினோரு நாள். பிள்ளைகள் கழுவி மாளாமல் தொட்டி நிரம்பி, பெஞ்சு நிரம்பி, தரையில் குடுவை வைக்கிற நிலைமை வந்தது. பன்னிரண்டாம் நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்து, அவரே படிக்கட்டுக்கு வந்தார். சாவியை என் பக்கத்தில் படியின்மேல் வைக்கக் குனிந்தார்.

"கையில குடுங்க சார்" என்று இந்தக் கையை நீட்டினேன்.

நிமிர்ந்தார். பிறகு கையில் வைத்தார். வைக்கும்போது, "உங்க கை சுத்தம்தான் ஆயா. போதுமா?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். சுற்றிப் பார்த்தேன். ஒரு நாய் படுத்திருந்தது. வேறு யாரும் இல்லை.

இருபது பேர் முன்னால் சொன்னதற்கு நாய் முன்னால் பதில். போதாது. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டேன். தொட்டி என்னுடையது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அடுத்த ஆயுத பூசைக்கு அவர் தட்டோடு வந்தபோது, கல்வம் இரண்டையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நின்றேன். உலைக்குப் போடுங்கள், உங்கள் நெற்றிக்குப் போடுங்கள், இதற்கு வேண்டாம் என்றேன். தட்டோடு திரும்பிப் போனார்.

அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். நானும் இருக்கிறேன். வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளுக்கு அந்தப் பொடியின் கதையைச் சொல்கிறாராம். கதையில் கல்வம் வருகிறது, அவருடைய சந்தேகம் வருகிறது, கழுவித் தரேன் என்று கேட்டவள் வருவதில்லை. அன்றைக்குச் சிரித்த இருபது பேரும் படித்து முடித்து எங்கெங்கோ போய்விட்டார்கள். அவர்களைக் கூட்டி வந்து நிற்க வைக்க என்னால் ஆகாது. அதனால்தான் இதை எழுதச் சொன்னேன். தமிழில், எல்லாருக்கும் புரிகிற மாதிரி.

எழுதியாச்சா? சரி, நீ இன்னா எழுதியிருக்கன்னு நான் பாக்கணும். கழுவித் தரேன்னு நான் கேட்டேன் பாரு, அந்த எடத்துலேர்ந்து படி. உள்ள உக்காந்துக்கினு முணுமுணுக்காத. வாசலுக்கு வா, தெருவுல ஆளு போய்க்கினு இருக்குது. சத்தமா படி.